இண்டியானா சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் தாங்கள் எழுதிய குறிப்பொன்றில், 2015-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் இயற்றிய மத சுதந்திர மீட்புச் சட்டத்தை, ‘தன்பாலீர்ப்பாளர்களைக் கடைவாசலிலேயே திருப்பி அனுப்புவதற்காக எழுதப்பட்ட சட்டம்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த ஆண்டு அம்மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது எழுந்த கூச்சலை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்தச் சட்டத்தில் தன்பாலீர்ப்பு என்ற சொல்லே கிடையாது. 1993-இல் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட மத்திய சட்டத்தின் நகல் அது. இல்லினாய்ஸ் மாநிலம் 1998-இல் இதே போன்ற சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அம்மாநில செனட் உறுப்பினராக இருந்த ஒபாமா ஆதரித்து வாக்களித்தார். அரசுச் செலவில் யாரும் இண்டியானாவுக்குப் போகக் கூடாது என்று ஆணையிட்ட கனெக்டிகட் ஆளுநரின் சொந்த மாநிலத்திலேயே 1993 முதல் அத்தகைய சட்டம் இருக்கிறது. தன்பாலீர்ப்புக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் நாடுகளில் கடை விரித்திருக்கும் பெருநிறுவனங்கள் இண்டியானாவுக்கு அறம் போதித்தன. வாக்கர்டன் என்ற சிற்றூரில் பீட்சா கடை நடத்திய குடும்பத்தார், தன்பாலினத் திருமணத்துக்கு உணவு வழங்க மாட்டோம் என்று தொலைக்காட்சி நிருபரிடம் சொன்ன ஒரே காரணத்துக்காக மிரட்டலுக்கு ஆளாகிக் கடையை மூட வேண்டியதாயிற்று. அவர்களிடம் அப்படி எவரும் உணவு கேட்டிருக்கவே இல்லை.

என் தாய்மாமா கும்பகோணத்தில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அசைவம் சமைக்க மாட்டார். அவரைப் பாகுபாடு காட்டுபவர் என்று யாரும் சொன்னதில்லை. கிறிஸ்தவ பேக்கரிக்காரர் ஒருவருக்கு மட்டும் அந்த உரிமை ஏன் இல்லாமற்போகிறது? தாங்கள் அந்த வரியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

தங்கள் கடிதத்தில் உள்ள தகவல்கள் பெரும்பாலும் சரியானவை; என் வரிதான் அவசரத்தில் எழுதப்பட்டது. ஆனால் ‘நகல்’ என்று தாங்கள் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. நமக்கிடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய முழுவதுமாக அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதால், மூலச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரிகான் மாநிலத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகர்களாக இருந்த இருவர், அமெரிக்கப் பழங்குடித் திருச்சபையின் சடங்கில் பெயோட்டி என்னும் மயக்கந்தரும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலையிழந்தோருக்கான உதவித்தொகையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டத்திலிருந்து மத நம்பிக்கையைக் காட்டி விலக்குக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் பழமைவாதிகள் கொண்டாடும் நீதிபதி ஸ்காலியா என்பதை இன்று நினைத்தால் விந்தையாக இருக்கிறது. இடதுசாரிகளும் வலதுசாரிகளும் ஒன்றாக நின்று அதை எதிர்த்ததன் விளைவே 1993-ஆம் ஆண்டுச் சட்டம். செனட்டில் அதை 97 பேர் ஆதரித்தார்கள், 3 பேர் மட்டுமே எதிர்த்தார்கள். ஒருவருடைய மத ஒழுகலாற்றுக்கு அரசு கணிசமான இடையூறு செய்யுமானால், அதற்குத் தலையாய பொதுநலக் காரணம் உண்டு என்பதையும், அந்நோக்கத்தை அடைய அதைவிடக் குறைந்த இடையூறுள்ள வழி இல்லை என்பதையும் அரசுதான் நிறுவ வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் அதன் முன்னே தனியாக நிற்கும் நம்பிக்கையாளர் என்பதே அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்த காட்சி. இச்சட்டம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்கள் தமக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன. ஒபாமா வாக்களித்தது அந்தக் காட்சிக்குத்தான்.

2015 மார்ச் 26 அன்று ஆளுநர் மைக் பென்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தில் அந்தக் காட்சி மாறிப்போயிருந்தது. அதன் ஏழாம் பிரிவு, லாபநோக்குள்ள நிறுவனங்களையும் ‘நபர்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. ஒன்பதாம் பிரிவு, அரசு ஒரு தரப்பாக இல்லாத வழக்கிலும் ஒருவர் தம் மத நம்பிக்கையைத் தற்காப்பாக முன்வைக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறியது. இந்த வாசகம் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. இது எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பதும் கடினமன்று. நியூ மெக்சிகோவில் ஒரு பெண்ணிணையரின் விழாவைப் படமெடுக்க மறுத்த புகைப்பட நிறுவனம், அம்மாநிலத்தின் மத சுதந்திரச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தபோது, தனியாருக்கும் தனியாருக்கும் இடையிலான வழக்குக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. அந்த வாசலைத் திறப்பதற்கான சாவியாகவே ஒன்பதாம் பிரிவு இருந்தது. டெக்சாஸின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதையொத்த வாசகம் உண்டென்பது உண்மைதான். ஆனால், குடிமை உரிமைச் சட்டங்களின் கீழ் வரும் வழக்குகளில் இது புதிய தற்காப்பு எதையும் உருவாக்காது என்ற விலக்கும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இண்டியானா சாவியை எடுத்துக்கொண்டு பூட்டை விட்டுவிட்டது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 2014 அக்டோபரில் நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக இண்டியானாவில் தன்பாலினத் திருமணம் சட்டபூர்வமானது. ஆறு மாதம் நிறைவதற்குள் இச்சட்டம் வந்தது. செய்தியாளர்களை அழைக்காமல் நடந்த கையெழுத்து நிகழ்வின் புகைப்படம் பின்னர் வெளியானபோது, ஆளுநருக்குப் பின்னால் துறவியருடனும் போதகர்களுடனும், தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் இயங்கிய அமைப்புகளின் தலைவர்களும் நின்றிருந்தார்கள். அவர்களுள் ஒருவருடைய அமைப்பு, தன்பாலினத் திருமணத்தில் பங்கேற்க மறுக்கும் கிறிஸ்தவ பேக்கரிக்காரர்களும் பூக்கடைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் தண்டிக்கப்படக் கூடாது என்பதையே இச்சட்டத்தின் பயனாகத் தன் இணையதளத்தில் எழுதியிருந்தது. சட்டத்தில் அச்சொல் இல்லை என்று தாங்கள் சுட்டுவது சரி. சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் அச்சொல்லை ஒளிக்கவில்லை.

மூன்று நாள் கழித்துத் தொலைக்காட்சி நேர்காணலில், கடைக்காரர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சேவை தர மறுப்பதை இச்சட்டம் அனுமதிக்கிறதா என்று பென்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. ஆம் என்றோ இல்லை என்றோ அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சட்டத்தின் நுணுக்கங்களை அறியாத பல்லாயிரம் பேருக்கு அந்தத் தயக்கமே விளக்கவுரையாக அமைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பை இடதுசாரிக் கூச்சல் என்று மட்டும் வகைப்படுத்துவது அன்று நடந்ததற்குப் பொருந்தவில்லை. இண்டியானாபொலிஸ் மேயர் கிரெக் பாலர்ட் பென்ஸின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்துவின் சீடர்கள் என்னும் திருச்சபை, தன் 2017-ஆம் ஆண்டுப் பொதுப்பேரவையை வேறு நகருக்கு மாற்றிவிடுவதாக எச்சரித்தது; மத சுதந்திரத்தின் பெயரால் வந்த சட்டத்துக்கு ஒரு திருச்சபையே முகம் திருப்பிக்கொண்டது அந்நாள்களின் பெரிய செய்திகளுள் ஒன்று. 2013-இல் 250 கோடி டாலர் கொடுத்து அந்நகரத்து நிறுவனம் ஒன்றை வாங்கியிருந்த சேல்ஸ்ஃபோர்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனம், ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையும் இண்டியானாவுக்கு அனுப்ப வேண்டிய நிகழ்ச்சிகளை நிறுத்தியது. ஆஞ்சிஸ் லிஸ்ட் நிறுவனம் 4 கோடி டாலர் மதிப்பிலான விரிவாக்கத் திட்டத்தை நிறுத்திவைத்தது. தங்கள் கொலம்பஸ் நகரத்துக் கம்மின்ஸ் உட்பட ஒன்பது நிறுவனங்களின் தலைவர்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிச்சுற்று ஏப்ரல் 4 அன்று இண்டியானாபொலிஸில் தொடங்கவிருந்தது. மார்ச் 31 அன்று ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ நாளிதழ் தன் முதல் பக்கம் முழுவதையும் ‘இதை உடனே சரிசெய்யுங்கள்’ என்ற பெரிய எழுத்துகளுக்குக் கொடுத்தது. சேவை, வேலை, வீடு ஆகியவற்றைப் பாலின ஈர்ப்பின் பெயரால் மறுப்பதற்கு இச்சட்டம் இடம்தராது என்ற திருத்தத்தில் ஏப்ரல் 2 அன்று பென்ஸ் கையெழுத்திட்டார். திருச்சபைகளுக்கும் குருமார்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. அதே நாள்களில் ஆர்கன்சாவிலும் ஆளுநர் ஏசா ஹட்சின்சன் தம் மேசைக்கு வந்த இதே போன்ற மசோதாவைத் திருத்தச் சொல்லித் திருப்பினார். வால்மார்ட்டின் எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். மசோதாவை நிராகரிக்கக் கோரிய மனுவில் தம் மகனே கையெழுத்திட்டிருப்பதை அவரே செய்தியாளர்களிடம் கூறினார்.

பெருநிறுவனங்களின் இரட்டை வேடம் குறித்துத் தாங்கள் எழுதியதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களுடைய அறம் சந்தையின் எல்லைவரைதான் நீளும். மிசிசிப்பி 2016-இல் இயற்றிய சட்டம் இண்டியானாவுடையதைவிடக் கடுமையானது: திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது, உடலுறவு அத்தகைய திருமணத்துக்குள் மட்டுமே உரியது, ஆண் பெண் அடையாளம் பிறப்பிலேயே மாற்ற முடியாதபடி அமைகிறது ஆகிய மூன்று நம்பிக்கைகளைப் பெயர் சொல்லிப் பாதுகாப்பது. அங்கும் நிறுவனங்கள் அறிக்கைகள் விட்டன. ஆனால் அடுத்த சனிக்கிழமை நடக்கவிருந்த கூடைப்பந்து இறுதிச்சுற்று எதுவும் அங்கே இல்லை. வழக்குகளால் சிறிது காலம் தடைபட்ட அச்சட்டம் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, எதிர்ப்பின் வெற்றியை மக்களின் மனமாற்றம் என்று நான் எழுதமாட்டேன்.

பீட்சா கடைக்காரர்களுக்கு நேர்ந்த மிரட்டல் வெட்கக்கேடானது. கேட்கப்படாத ஒரு கேள்விக்கு ஓர் ஊடகம் பதில் வாங்கி ஒளிபரப்பியது, அதைக் கேட்டவர்கள் நீதிபதிகளாக மாறினார்கள். அவர்களுக்கு ஆதரவாக இணையத்தில் திரண்ட நிதி 8 லட்சம் டாலரைத் தாண்டியது என்பதும் கதையின் மறுபாதி.

இனி, தங்கள் மாமாவிடம் வருகிறேன். அவர் மறுப்பது ஒரு பண்டத்தை, ஆளை அன்று. பிராமணர் வீட்டுக் கல்யாணமானாலும் நாடார் வீட்டுக் கல்யாணமானாலும் அவர் அடுப்பில் கறி வேகாது. சாம்பாரும் பாயசமும் எல்லோருக்கும் சமைப்பேன், ஆனால் இன்ன வீட்டாருக்குச் சமைக்கமாட்டேன் என்று அவர் சொன்னால்தான் தங்கள் ஒப்புமை நிற்கும். அப்படிச் சொன்ன ஒருவர் அமெரிக்காவிலேயே இருந்திருக்கிறார். தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற சுட்ட இறைச்சிக் கடைகளை நடத்திய மாரிஸ் பெசிங்கர், வெள்ளையரையும் கறுப்பரையும் ஒன்றாக அமர்த்துவது கடவுளின் சித்தத்துக்கு விரோதமானது என்று வாதாடினார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைப் பொருட்படுத்தத் தகாதது என்று ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கித் தள்ளியது. அவருடைய நம்பிக்கை உள்ளார்ந்ததாகவே இருந்திருக்கலாம். நீதிமன்றம் அதை அளக்கவில்லை.

சொல்லையே விற்பவரின் நிலை இதிலிருந்து சற்று வேறானது. தன்பாலினத் திருமணத்துக்காக இணையதளம் வடிவமைக்கும்படி கொலராடோவைச் சேர்ந்த ஒரு வடிவமைப்பாளரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் கூறியது. அது மத சுதந்திரத்தை அன்று, பேச்சுரிமையை அடிப்படையாகக் கொண்ட தீர்ப்பு. ஒருவர் ஏற்காத வாழ்த்துப்பாவை எழுதச் சொல்லி அவரை வற்புறுத்தக் கூடாது என்ற அளவில் எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. பீட்சாவும் வாடகை நாற்காலியும் வாழ்த்துப்பா ஆகா. இரண்டுக்கும் நடுவில் கேக் எங்கே நிற்கிறது என்பதில் எனக்கே இன்னும் குழப்பம் இருக்கிறது.

கனெக்டிகட்டைக் குறித்த தங்கள் கேள்விக்கு விடை வேறோர் இடத்தில் உள்ளது. பாலின ஈர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டுவதை அம்மாநிலம் 1991-இலேயே தடைசெய்துவிட்டது. இல்லினாய்ஸும் பின்னர் அவ்வாறே செய்தது. அங்கெல்லாம் மத சுதந்திரச் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் காவல் நிற்கிறது. இண்டியானாவில் அப்படி மாநிலம் தழுவிய சட்டம் அன்றும் இல்லை; 2016-இல் கொண்டுவர முயன்ற மசோதாவும் கைவிடப்பட்டது. 2005 முதல் இண்டியானாபொலிஸிலும், வேறு சில நகரங்களிலும் உள்ளூர் விதிகள் பாதுகாப்புத் தருகின்றன; அவற்றுக்கு வெளியே உள்ள ஊரில் ஒரு கடைக்காரர் தன்பாலின இணையரைத் திருப்பி அனுப்ப மதக் காரணம்கூடத் தேவையில்லை, திருத்தமும் அவரைத் தடுக்காது. இறுதிச்சுற்று முடிந்ததும் ஊர்களுக்குத் திரும்பியவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அது கையெழுத்தான அன்றே இண்டியானாபொலிஸில் கஞ்சாவைப் புனிதமாகக் கொண்ட ஒரு திருச்சபை பதிவானது. 2018-இல் நீதிமன்றம் அதன் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. 2022-இல் மாநிலம் கருக்கலைப்பை ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்தபோது, தங்கள் மதம் அதை அனுமதிக்கிறது என்று ஒரு யூத அமைப்பும் சில பெண்களும் இதே சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அவர்களுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை கிடைத்தது. 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் வாதத்தை ஏற்றது. கையெழுத்துப் புகைப்படத்தில் நின்றவர்களில் எவரும் இந்த வழக்காளிகளை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். இதுவும் 1993-ஆம் ஆண்டுக் காட்சிதான்: எதிரே நிற்பது அரசு.

தாங்கள் கேட்டபடி என் பழைய குறிப்பைத் திருத்தியிருக்கிறேன். ‘எழுதப்பட்ட சட்டம்’ என்றிருந்த இடத்தில் ‘எழுதப்பட்ட ஒன்பதாம் பிரிவு’ என்று இப்போது இருக்கும். வரியின் மற்ற சொற்களை மாற்றவில்லை.

அன்புடன்.