அக்காவிடம் கேட்டீர்களா?

கேள்வி: மனநோய் முற்றி ஏழு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன என் அக்கா (46), சென்னையில் ஒரு காப்பகத்தில் இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. தேறிவிட்டாள், கூட்டிப் போகலாம் என்கிறார்கள். எனக்கோ ஒற்றை அறை வாடகை வீடு. மாமியார், இரண்டு பிள்ளைகள். அப்பா, அம்மா இல்லை. அப்பா கட்டிய வீட்டில் இருக்கும் அண்ணன், "ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை அங்கேயே விட்டுவிடலாம்" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்து. அநேகமாக அது, வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும். அக்கா அதில் கையெழுத்துப் போடக் கூடாது. நீங்களும் சாட்சிக்கு நிற்காதீர்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மூவருக்கும் சம பங்கு. நோயைச் சொல்லி யாருடைய பங்கையும் மறுக்க முடியாது என்று அதன் 28-வது பிரிவே சொல்கிறது. இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணில் பேசுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். அந்தப் பங்குதான் நாளைக்கு அக்காவுடைய வாடகை, மருந்து, சாப்பாடு. அண்ணனிடம் இதைச் சண்டையாக இல்லாமல், ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எங்கே இருப்பது? உங்கள் வீடு, இல்லாவிட்டால் காப்பகம் என்று இரண்டை மட்டும் வைத்துத் தவிக்கிறீர்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு. தேறியவர்கள் ஊரோடு சேர்ந்து வாழக் கூட்டு இல்லங்கள் போன்றவற்றை அமைப்பதும் ஆதரிப்பதும் அரசின் கடமை.

சென்னையில் 1993-இல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. ஒருவரோடொருவர் ஒத்துப்போகிற நாலைந்து பேர், எல்லாரும் குடியிருக்கிற தெருவிலேயே ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்வார்கள். சமையல், கடைக்குப் போவது, முடிந்தவர்களுக்கு வேலை. மாத்திரைக்கும் மற்றதற்கும் துணையாக ஒரு பணியாளர் இருப்பார். ஏழு வருடம் பிறர் சொன்ன நேரத்துக்குத் தூங்கி, பிறர் ஊற்றியதைக் குடித்த ஒருவர், மாலை நாலு மணிக்குத் தனக்குப் பிடித்தபடி ஒரு காபி போட்டுக் குடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். காப்பகத்தின் சமூகப் பணியாளரிடம், "கூட்டு இல்லத்துக்கு அக்காவைப் பரிந்துரைக்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். இடம் உடனே கிடைக்காமல் போகலாம், விடாமல் கேளுங்கள். கூடவே ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றும் அவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அக்காவின் ஆசை என்ன என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காக உங்களைக் கோபிக்கவில்லை. பயம் அப்படித்தான் செய்யும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போங்கள், அம்மாவின் படம் இருந்தால் எடுத்துக்கொண்டு. எங்கே, யாரோடு இருக்க விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். அவர் எங்கே இருந்தாலும், பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வரட்டும். ஒற்றை அறைதான், ஆனாலும் இரண்டு நாளைக்கு ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும் அல்லவா?