புரூடர் சூடு: வாசகர் கேள்விகள்

கோழிக்குஞ்சு வளர்க்கும் புரூடரில் (பல்பால் சூடேற்றிய தடுப்பில்) முதல் வாரம் எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

சுமார் 33 முதல் 35. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, 21 அளவில் நிறுத்திக்கொள்ளலாம். இதைக் குஞ்சின் முதுகு உயரத்தில் அளக்க வேண்டும். சுவர் ஆணியில் மாட்டிய வெப்பமானி உங்களுக்கு எவ்வளவு சூடு என்பதைத்தான் சொல்லும்.

எல்.இ.டி. பல்பு போட்டால் மின்சாரம் மிச்சமாகுமே?

மின்சாரம் மிச்சமாகும், குஞ்சு மிஞ்சாது. சூட்டுக்கு இழை பல்பு அல்லது அகச்சிவப்பு பல்புதான் வேண்டும். உடையாமலிருக்க டெஃப்லான் பூசிய பல்புகளும் வருகின்றன. சூடேறும்போது அந்தப் பூச்சு வெளிவிடும் வாயு பறவைகளைக் கொன்றுவிடும், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எதுவானாலும் வயரில் தொங்கவிடாதீர்கள். சங்கிலியில் மாட்டுங்கள்.

மூன்று நாளாகக் குஞ்சுகள் இறக்கின்றன. எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம்?

கடிதத்தில் குஞ்சின் வயது இல்லை, எண்ணிக்கை இல்லை, என்ன பல்பு என்பது இல்லை. மருந்தின் பெயர் மட்டும் உடனே வேண்டும். இப்படி எழுதுகிறவர்கள் குறைவதே இல்லை.

ஒன்று கேட்கிறேன்: இரவு 3 மணிக்குப் புரூடருக்குள் எட்டிப் பார்த்தீர்களா? காலையில் செத்த குஞ்சுகள் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டையாக நசுங்கி, ஈரம் கோத்துக் கிடந்தால் அது நோயல்ல. குளிரில் ஒண்டி, அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. அதற்கு எந்தப் பாட்டிலிலும் மருந்து கிடையாது. தடுப்பை மூலையில்லாமல் வட்டமாக வையுங்கள்.

முதல் பத்து நாள் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த குஞ்சு தீவனத்துக்கும் தண்ணீருக்கும் நகராது, அப்படியே சோர்ந்துபோகும். நாலைந்து குஞ்சுகளை எடுத்து, பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் சூடு போதவில்லை. மாலையில் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நிறைந்து மெத்தென்றிருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. சூட்டைச் சரிசெய்தும் சாவு நிற்காவிட்டால், அன்றே இறந்த குஞ்சுகளைப் பனிக்கட்டியில் வைத்து, உறையவிடாமல், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து அதற்குப் பிறகுதான்.

பல்புக்கு நேர் கீழே ஒரு குஞ்சுகூட நிற்பதில்லையே?

சூடு அதிகம். ஓரமாக ஒதுங்கி, அலகைத் திறந்து, சிறகைத் தளர்த்தி மூச்சு வாங்கும். பல்பை அரையடி உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பல்புக்கு அடியில் குவிந்து கீச்கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர்.

குளிருக்காக நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடினேன். உள்ளே போனால் கண் எரிகிறது.

தரையில் விரித்த கூளத்தில் எச்சம் ஊறி எழும் அமோனியா வாயு. நின்றுகொண்டிருக்கும் உங்களுக்கே எரிகிறது. கூளத்தோடு கூளமாகக் கிடக்கும் குஞ்சின் கதி என்ன? மேலே ஓரடி திறந்துவிடுங்கள், ஈரக் கூளத்தை அள்ளிவிடுங்கள். தரைமட்டத்தில்தான் காற்று புகக் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்; கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், உங்களையும் கொல்லும்.

செய்தித்தாள் விரிக்கலாமா?

வழுவழுப்பான தாளில் கால் சறுக்கி விரிந்துபோகும். சொரசொரப்பானது எதுவானாலும் சரி.

குஞ்சுகள் வந்து இறங்கியதும் பல்பைப் போட்டால் போதுமா?

போதாது. முந்தின நாளே போடுங்கள். காற்று சீக்கிரம் சூடாகும், கூளத்துக்கு நேரம் பிடிக்கும். குஞ்சு உட்காருவது கூளத்தின்மேல்.

மின்சாரம் போய்விட்டால்?

தடுப்பைச் சுருக்கி, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மின்சாரம் திரும்பியதும் பல்பின் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் வரை சூடு கொடுக்க வேண்டும்?

இறகு முளைத்து மூடும் வரை. வெயில் காலத்தில் மூன்று வாரம், குளிர் காலத்தில் ஐந்தாறு வாரம்.