காட்டூருக்கு ஒரு பழங்கதை

கேள்வி: நண்பர்களுடன் ஆடும் கதை விளையாட்டுக்காக, அடர்காட்டின் நடுவே ஒரு கற்பனை ஊரைப் படைத்து வருகிறேன். அவ்வூருக்கான பழங்கதைகளையும், ஆட்டக்காரர்களைச் சாகசத்துக்கு இழுக்கும் முடிச்சுகளையும் எப்படி உருவாக்குவது?

பதில்: காட்டில் உண்மையிலேயே நிகழும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மட்கும் மரத்தில் படரும் சில பூஞ்சைகள், அவற்றிலுள்ள லூசிஃபெரின் என்னும் பொருள் ஆக்சிஜனுடன் வினைபுரிவதால், இருளில் வெளிர்பச்சையாக ஒளிரும். ஈரம் வற்றினால் அவ்வொளி மங்கிவிடும். இதையே உங்கள் ஊரார், வழிதவறி இறந்தவர்கள் ஏந்திச் செல்லும் விளக்கு என்று நம்பட்டும். விறகுவெட்டி அதைக் கண்டால் கோடரியைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிவிடுவான். மருத்துவச்சியோ அந்தக் கட்டையைத் தேடி எடுத்து வருவாள். ஒரே ஒளிக்கு இப்படி இருவேறு விளக்கங்கள் இருந்தால்தான் ஆட்டக்காரர்களுக்கு விசாரிக்க ஏதேனும் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு அந்த வழக்கத்தை ஒருமுறை முறியுங்கள்: கடுங்கோடையில், ஒளியே தோன்றக்கூடாத காலத்தில், பூட்டிக்கிடக்கும் மரக்கிடங்கின் கதவிடுக்கில் பச்சை வெளிச்சம் கசிகிறது, வாசற்படியில் விறகுவெட்டியின் கோடரி கிடக்கிறது, அதன் கைப்பிடி இன்னும் ஈரமாக இருக்கிறது. அவன் எங்கே என்று நீங்கள் சொல்ல வேண்டாம்; அந்தக் கேள்வியை அவர்களே எழுப்பட்டும். அரச பரம்பரையையும் போர் வரலாற்றையும் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.