அமெரிக்கா விலகினால் ஐரோப்பா யாரை நம்பும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அதனால் ஐரோப்பியச் செய்திகளை இப்போதெல்லாம் விடாமல் பார்க்கிறேன். 2025 பிப்ரவரியில் மியூனிக்கில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் ஐரோப்பாவைக் கடிந்து பேசியது, அந்த மாதக் கடைசியில் வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியை நடத்திய விதம், அப்புறம் டென்மார்க்கின் கிரீன்லாந்து தீவை டிரம்ப் கேட்ட விவகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. இதெல்லாம் டிரம்ப் என்ற ஒருவரின் குணம், அவர் போனால் பழையபடி ஆகிவிடும் என்கிறார் என் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 கோடிப் பேர் இருக்கிறார்கள். ரஷ்யாவில் 15 கோடிகூட இல்லை. பணமும் ஐரோப்பாவிடம்தான் பல மடங்கு அதிகம். பிறகு ஏன் அமெரிக்கா இல்லாமல் முடியாது என்று இவ்வளவு பயப்படுகிறார்கள்? வரலாறு படித்தவர் என்ற முறையில் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

ரா. கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

உங்கள் இரண்டாவது கேள்விதான் ஆழமானது. முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் அமெரிக்கப் படை நிரந்தரமாகத் தங்கும் என்று ஆரம்பத்தில் அமெரிக்கர்களே நினைக்கவில்லை. நேட்டோவின் முதல் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் 1951இல் ஒரு கடிதத்தில், பத்து ஆண்டுகளில் நம் வீரர்கள் ஊர் திரும்பாவிட்டால் இந்த முயற்சியே தோற்றதாகத்தான் அர்த்தம் என்று எழுதினார். 1971இல் செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட் ஐரோப்பாவில் இருந்த படையைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 61க்கு 36 என்று தோற்றது. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் 36 ஓட்டு என்பது சின்ன எண் அல்ல. 2011இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸில் பேசும்போது, பனிப்போரை வாழ்ந்து பார்க்காத தலைமுறை ஒருநாள் அமெரிக்காவை ஆளும், இந்தச் செலவு நமக்கு எதற்கு என்று அது கேட்கும் என எச்சரித்தார். அவர் புஷ், ஒபாமா இருவரின் கீழும் அமைச்சராக இருந்தவர். ஆக, செலவுக் கணக்கைப் பற்றிய சண்டை நேட்டோ அளவுக்கே பழையது.

கிரீன்லாந்து அப்படி அல்ல. 1946இல் ட்ரூமன் அரசு அந்தத் தீவை 10 கோடி டாலர் தங்கத்துக்கு விலை கேட்டது உண்மைதான். ஆனால் அப்போது நேட்டோ பிறக்கவில்லை. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்வோம் என்ற நேட்டோவின் ஐந்தாவது பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் எடுக்கப்பட்டிருக்கிறது: 2001 செப்டம்பர் 12இல், அமெரிக்காவுக்காக. அதைத் தொடர்ந்த ஆப்கன் போரில் டென்மார்க் 43 வீரர்களை இழந்தது. 60 லட்சம் பேர் வாழும் நாடு அது. அந்த நாட்டின் நிலத்தை, படையை அனுப்ப மாட்டேன் என்ற உறுதியைக்கூடத் தராமல், ஓர் அமெரிக்க அதிபர் கேட்டார். இதை டேனிஷ் மக்கள் மறக்க மாட்டார்கள், மறக்கவும் கூடாது. அடுத்து எவ்வளவு நல்ல அதிபர் வந்தாலும், அவருக்கு அடுத்து யார் வருவார் என்ற கேள்வி இனி கோபன்ஹேகனில் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

சரி, 45 கோடிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கா ஐரோப்பாவை ரஷ்யாவிடமிருந்து காத்தது என்பது பாதிக் கதை. ஐரோப்பிய நாடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று பயப்படாமல் இருக்கவும் அமெரிக்காதான் காரணமாக இருந்தது. என் பார்வையில் இதுவே பெரிய வேலை. டாங்கிகளையும் குண்டுகளையும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது.

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும், அடுத்தது ஜெர்மனிதான் என்று வாஷிங்டன் அஞ்சியது. செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன், மேற்கு ஜெர்மானியர்களுக்கு மறுபடி ஆயுதம் கொடுத்தாக வேண்டும் என்று பிரிட்டன், பிரான்ஸ் அமைச்சர்களிடம் சொன்னார். ஹிட்லர் செத்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. பாரிஸில் ஜெர்மன் படை அணிவகுத்ததைப் பார்த்தவர்கள்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பிரதமர் ரெனே பிளெவன் அக்டோபரில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜெர்மனிக்கென்று தனி ராணுவம் வேண்டாம், ஐரோப்பாவுக்கே ஒரு ராணுவம் அமைப்போம், ஜெர்மன் வீரர்கள் சின்னச் சின்னப் பிரிவுகளாக அதற்குள் கரைந்துவிடட்டும் என்றார். 1952 மே 27இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆறும் பாரிஸில் கையெழுத்திட்டன. பொதுச் சீருடை, பொது பட்ஜெட் எல்லாம் அதில் இருந்தது. ஐரோப்பிய ராணுவம் என்பதைப் புத்தம் புதிய யோசனை போல இன்று பலர் பேசுகிறார்கள். எழுபது ஆண்டுக்கு முன்பே அது கையெழுத்தாகிவிட்டது.

அதைக் கொன்றது மாஸ்கோ அல்ல. யோசனை சொன்ன பிரான்ஸே கொன்றது. மற்ற நாடுகளில் நான்கு ஒப்புதல் கொடுத்து முடித்தபிறகு, 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம், ஒப்பந்தத்தை முழுதாக விவாதிக்கக்கூட மனமில்லாமல், ஒரு நடைமுறைத் தீர்மானத்தின் மூலமே 319க்கு 264 என்று ஒதுக்கிவிட்டது. 82 வயதான முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ, மேடைக்குப் போகும் வலுவில்லாமல் தன் இருக்கையிலிருந்தே அதை எதிர்த்துப் பேசினார். வேறு எதிலும் ஒத்துப்போகாத கம்யூனிஸ்டுகளும் தேசியவாதத் தலைவர் தெ கோலின் ஆதரவாளர்களும் சேர்ந்து ஓட்டளித்தார்கள். முடிவு வந்ததும் அவையில் தேசிய கீதம் பாடப்பட்டது. அந்த அச்சத்தை நான் சிறுமையாகப் பார்க்கவில்லை. எழுபது ஆண்டுகளில் மூன்று முறை ஜெர்மன் படையைத் தங்கள் மண்ணில் கண்ட மக்கள் அவர்கள்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. சில வாரங்களுக்குள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன் லண்டனில் மாநாடு கூட்டினார். நான்கு டிவிஷன்களை ஐரோப்பிய மண்ணில் வைத்திருப்பதாக பிரிட்டன் உறுதி சொன்னது. அணு, உயிரியல், ரசாயன ஆயுதங்களைத் தன் நாட்டில் தயாரிப்பதில்லை என்று ஜெர்மன் சான்சலர் அடினாவர் வாக்குக் கொடுத்தார். 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் ஐரோப்பிய ராணுவத்துக்குள்கூட ஜெர்மன் பிரிவுகளைச் சகிக்காத பிரான்ஸ், இப்போது ஜெர்மனிக்கென்று ஒரு ராணுவத்தையே ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் அந்த ராணுவம் நேட்டோ தலைமைத் தளபதியின் கீழ் இருக்கும். அந்தத் தளபதி அமெரிக்கர். ஐசன்ஹோவர் முதல் இன்றுவரை அந்த நாற்காலியில் வேறு நாட்டவர் உட்கார்ந்ததே இல்லை. பங்காளிகளுக்குள் தீராத வழக்கு என்றால், எந்தப் பக்கத்துக்கும் நிலத்தில் பங்கில்லாத வெளியூர்ப் பெரியவர் வந்து உட்கார்ந்தால்தான் இரு தரப்பும் சம்மதிக்கும். அமெரிக்கா வகித்த இடம் அது.

இதே பயம் 1990இல் மறுபடி எழுந்தது. ஜெர்மனி ஒன்றாகப்போகிறது என்றதும் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் கலங்கிப்போனார். அந்த மார்ச் மாதம் பிரதமரின் ஊர்ப்புற இல்லமான செக்கர்ஸ் மாளிகைக்கு ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெர்ன், கார்டன் கிரெய்க், டிமோதி கார்ட்டன் ஆஷ் போன்ற வரலாற்றாசிரியர்களையும் அறிஞர்களையும் அழைத்து, ஜெர்மானியர்கள் உண்மையிலேயே மாறிவிட்டார்களா என்று கேட்டார். மாறிவிட்டார்கள், அவர்களோடு இணக்கமாகப் போங்கள் என்பதே பெரும்பாலோரின் பதில். ஆனால் அவரது செயலர் சார்லஸ் பவல் எழுதிய கூட்டக் குறிப்பில், ஜெர்மானியக் குணங்கள் என்று பதற்றம், ஆக்ரோஷம், தாழ்வுணர்ச்சி என ஒரு பட்டியலே இடம்பெற்றது. ஜூலையில் அது பத்திரிகையில் கசிந்தது. என் துறைக்காரர்கள் அன்று நியாயமாகப் பேசினார்கள் என்பதில் எனக்கு நிறைவு உண்டு. ஆனாலும் விஷயத்தை முடித்துவைத்தது அவர்கள் சொன்ன ஆலோசனை அல்ல. ஒன்றுபட்ட ஜெர்மனி நேட்டோவில்தான் இருக்கும் என்பதில் அமெரிக்க அதிபர் மூத்த புஷ் உறுதியாக நின்றார், அமெரிக்கப் படையும் அங்கேயே இருந்தது. அதற்குமேல் தாட்சராலும் பிரெஞ்சு அதிபர் மித்தரானாலும் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

இப்போது 2025க்கு வாருங்கள். மார்ச்சில் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, ராணுவச் செலவுக்குக் கடன் வரம்பைத் தளர்த்தியது. மே மாதம் சான்சலர் மெர்ஸ், ஜெர்மன் ராணுவத்தை ஐரோப்பாவிலேயே வலிமையான மரபு ராணுவமாக்குவோம் (அதாவது அணு ஆயுதம் சேராத படை) என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே மாதம் லித்துவேனியாவில் நிரந்தரமாகத் தங்கப்போகும் ஜெர்மன் பிரிகேடைத் தொடங்கிவைத்தார். சுமார் 5,000 பேர் கொண்டது அது. இதைக் கேட்டு லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ் மக்கள் அஞ்சவில்லை, வரவேற்றார்கள். போலந்து வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி 2011இலேயே பெர்லினுக்கு வந்து, ஜெர்மனியின் வலிமையைவிட அது செயல்படாமல் இருப்பதைக் கண்டுதான் அதிகம் அஞ்சத் தொடங்கியிருக்கிறேன் என்று பேசினார். போலந்துக்காரர் ஒருவர் பெர்லினில் நின்று அதைச் சொன்னார் என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் விஷயம். 1954இல் இருந்த பயம் வெகுவாகத் தணிந்துவிட்டது.

ஆனால் யார் உத்தரவு போடுவது என்பது மட்டும் தீரவில்லை. பிரான்ஸும் ஜெர்மனியும் 2017இல் சேர்ந்து அறிவித்த போர் விமானத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பெயினும் சேர்ந்தது. யார் தலைமை, யாருக்கு எவ்வளவு வேலை என்று பிரான்ஸின் தஸ்ஸோ நிறுவனமும் ஜெர்மனி சார்பில் ஏர்பஸ் நிறுவனமும் 2025 முழுக்க வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்தன. ஒரு விமானத்துக்கே இப்படி என்றால், போர்க்களத்தில் முடிவெடுப்பது எப்படி இருக்கும்? 2025 மார்ச்சில் அமெரிக்கா சில நாட்கள் உக்ரைனுக்கு உளவுத் தகவலை நிறுத்தியபோது, செயற்கைக்கோளும் உளவும் எந்த அளவுக்கு ஒரே கையில் இருக்கின்றன என்பதும் தெரிந்தது. அவற்றைப் பணத்தால் வாங்கலாம், பத்தாண்டு பிடிக்கலாம். தலைமையை வாங்க முடியாது.

அணுகுண்டு இதைவிடக் கடினம். பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்கத் தயாரா என்று 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடியிடம், அப்போது பிரெஞ்சு அதிபராக இருந்த தெ கோல் கேட்டார். நம்பும்படியான பதில் கிடைக்காததால்தான் பிரான்ஸ் தன் சொந்த அணு ஆயுதத்தில் உறுதியாக நின்றது. இன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அந்தப் பாதுகாப்பை மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் விரிப்பது பற்றிப் பேசலாம் என்கிறார். ஆனால் பொத்தான் பிரெஞ்சு அதிபர் கையில் மட்டும்தான் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அப்படியானால் எஸ்தோனியர் ஒருவர், தன் தலைநகர் தாலினுக்காக பாரிஸை இழக்கத் தயாரா என்று அவரிடம் கேட்க மாட்டாரா? பிரெஞ்சுத் தேர்தல் ஒவ்வொன்றும் அந்தப் பதிலை மாற்றிவிடலாம் என்பதும் அந்த எஸ்தோனியருக்குத் தெரியும்.

இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் விடை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டிய மேசையில் போர் முடிவுகள் எடுக்க முடியாது. பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிடம்தான் எனக்கு நம்பிக்கை. போலந்து தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்குச் செலவழிக்கிறது. பின்லாந்து 2023இலும் ஸ்வீடன் 2024இலும் நேட்டோவுக்கு வந்துவிட்டன. ஆபத்து எங்கிருந்து வரும் என்பதில் இவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஜெர்மனியின் வலிமையை இவர்கள் ஏற்கிறார்கள். ஒரு கூட்டுத் தலைமை உருவானால் முதலில் இங்கேதான் உருவாகும். பிரான்ஸும் பிரிட்டனும் அதோடு எப்படி இணையும் என்பது அப்புறம்.

2026 தொடக்கத்திலிருந்து ஜெர்மனியில் 18 வயதாகும் ஆண்கள், ராணுவத்தில் சேர விருப்பமா என்ற படிவத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். உங்கள் மகளோடு வேலை செய்கிறவர்களில் அந்த வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆர்வமாக இருக்கிறது.

அன்புடன்.