எளிய கணக்கு எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் படிப்பில் பின்தங்கக் காரணம், அக்கறை இல்லாததும் வீட்டில் கண்டிக்க ஆளில்லாததும்தானே? உதவித்தொகை கொடுத்து என்ன பயன்? இரண்டு வரியில் பதில் தரவும்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தீர்ப்பை எழுதிவிட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். இரண்டு வரி போதாது.

1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தொடர்ந்து தோற்றார்கள். ஆசிரியர்களைக் கேட்டால், ஏறக்குறைய நீங்கள் சொன்னதையேதான் சொன்னார்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் அதை நம்பி உட்கார்ந்துவிடாமல், கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளியினர் 20 பேர் என்று தேர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார்.

அக்கறைக்குக் குறைவில்லை. வீட்டாரும் படிப்புக்குத் துணைதான். வகுப்பு ஒரு மணி நேரமென்றால் இரண்டு மணி நேரம் படி என்றார் ஆசிரியர். கறுப்பின மாணவர்கள் அப்படியே படித்தார்கள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னந்தனியாக. சீன மாணவர்களோ தனியாகப் படித்ததும் போதாமல் மாலையில் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கணக்கு ஒருவருக்கும் வரவில்லையா, அது கடினமான கணக்கு என்று தெரிந்துவிடும். தனியாக இருப்பவன் என்ன நினைப்பான்? நான்தான் மக்கு என்று நினைப்பான். (நம் கல்லூரி விடுதிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.)

ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்குச் சலுகையாக எளிய கணக்கு கொடுக்கவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமானவற்றைக் கொடுத்து, குழுவாகப் போடச் சொன்னார். தோல்வி குறைந்தது.

உதவித்தொகைக்கு வருகிறேன். பால்டிமோர் அருகே, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் மேயர்ஹாஃப் உதவித்திட்டம் 1988-இல் உருவானது. அதை அமைத்த ஃப்ரீமேன் ஹ்ரபோவ்ஸ்கி, 1963-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்துச் சிறுவர்கள் நடத்திய ஊர்வலத்தில் நடந்து, 12 வயதில் சிறைக்குப் போனவர்; கணிதம் படித்தவர். முதல் அணியில் 19 பேர், அனைவரும் கறுப்பின ஆண்கள். பெண்களைப் பிறகுதான் சேர்த்தார்கள். பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் திட்டமல்ல அது. கல்லூரி தொடங்குமுன் கோடையிலேயே பாடம், முதலாண்டில் ஒரே விடுதி, கூடிப் படிக்கும் பழக்கம், ஆய்வகத்தில் உடனே வேலை. ஒருவன் மதிப்பெண் சரிந்தால் மற்றவர்கள் அவன் கதவைத் தட்டுவார்கள்.

பயன் கேட்டீர்கள் அல்லவா? 2017-இல் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்ற மருத்துவர் ஜெரோம் ஆடம்ஸ், இந்த உதவித்தொகையில் படித்த கறுப்பின மாணவர்தான்.