முதலில் ஊசிப் பரிசோதனை, அப்புறம் மாத்திரை

கேள்வி: எங்கள் ஏழு வயது லாப்ரடாருக்குத் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. வலியில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. மருத்துவர் லிம்போமாவாக, அதாவது நெறிகளில் வரும் ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார். தெரிந்தவரோ, ‘ஒரு வாரம் ஸ்டீராய்டு கொடுங்கள், கரைந்துவிடும்’ என்கிறார். கொடுக்கலாமா? கீமோ என்றால் நாய் துடித்துப்போகுமா?

பதில்: கொடுக்காதீர்கள். கரையத்தான் செய்யும், வம்பே அதில்தான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைப் போட்ட சில நாட்களில் கட்டி சுருங்கும், வீடே நிம்மதியாகும். சில வாரங்களில் திரும்பி வரும். இடையில் பரிசோதனை செய்தால் முடிவு குழப்பும். பிறகு கீமோ தொடங்கினாலும் முழுப் பலன் கிடைக்காது, ஏனென்றால் தப்பிப் பிழைத்த செல்கள் மருந்துக்கு அசராதவையாக இருக்கும்.

தோளுக்கு முன்புறமும் பின்னங்கால் முட்டிக்குப் பின்புறமும் தடவிப் பாருங்கள். கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. தாடைக் கட்டி பல் சீழாலும் வரும், உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும். அதனால் முட்டிக்குப் பின்னாலோ தோளிலோ வீங்கியிருந்தால் அங்கிருந்தே ஊசியால் செல் எடுக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்தே வேண்டாம். இதைக்கூடச் செய்யாமல் மாத்திரைச் சீட்டை நீட்டும் கிளினிக்குகளை என்ன சொல்வது! ‘லிம்போமா’ என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டோடும் திரும்பி வராதீர்கள். பி வகையா, டி வகையா, அதாவது எந்த வகை வெள்ளையணுவில் தொடங்கியது என்று கேளுங்கள். பொதுவாக டி வகையில் நாட்கள் குறைவு.

கீமோவைப் பற்றிய பயம் மனிதர்களைப் பார்த்து வந்தது. நாய்க்கு அளவு குறைவு. முழுதாகக் குணப்படுத்துவதல்ல, நல்ல நாட்களைக் கூட்டுவதுதான் நோக்கம். ஓரிரு நாள் சோர்வு, வாந்தி வரலாம், பெரும்பாலான இனங்களில் முடி கொட்டாது. வழக்கமான நான்கு மருந்துத் திட்டம் சுமார் 5 மாதம். பத்தில் எட்டு நாய்களுக்காவது கட்டி அடங்கும், ஏறக்குறைய ஓராண்டு கிடைக்கும். சிகிச்சையே இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மாதம்தான்.

நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பொடியும் சொட்டு மருந்துமாக ஆட்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ! ‘கட்டியைக் கரைக்கும்’ என்பார்கள். என்ன கலந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். அதில் ஸ்டீராய்டே இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பரிசோதனை முடிந்து, வயதோ செலவோ காரணமாக ‘கீமோ வேண்டாம்’ என்று குடும்பமே தீர்மானித்துவிட்டால், அப்போது பிரெட்னிசோலோன் சரியான மருந்துதான். பசி எடுக்கும், உடம்பு லேசாகும், சில வாரங்கள் நன்றாக இருக்கும். அது கைவிடுவதல்ல, குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஆனால் முடிவு முதலில், மாத்திரை பிறகு. ‘ஒரு வாரம் பார்ப்போம்’ என்பது முடிவில்லை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை கொடுக்காமலே நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால், ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அன்றைக்கே அழைத்துப் போங்கள்.