பிரசங்க மேடையில் ஒரு வேட்பாளர்

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். போன உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் எங்கட பாஸ்டர் ஒரு வேட்பாளரை மேடைக்குக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து ஜெபித்தார். "இவர் இரட்சிக்கப்பட்டவர், நம்மட பிள்ளை, விசுவாசிகள் எல்லாரும் இவருக்குத்தான் போட வேணும்" என்றார். சபையே ஆமென் சொன்னது. எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவர் நேர் எதிர். சபைக்குள் அரசியலே ஆகாது, காணி, காணாமல் போனவர்கள் என்று எதையும் அங்கே கதைக்கக் கூடாது, ஜெபம் போதும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. வேறு சபைக்குப் போய்விடலாமா என்றும் யோசிக்கிறேன். (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆமென் சொல்ல உங்களுக்கு வாய் வராதது நல்லது. அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

பாஸ்டர் செய்தது பிழை. ஒரு விசுவாசி தேர்தலில் நிற்பதில் பிழை இல்லை, அவருக்காக ஜெபிக்கலாம், யாருக்காகவும் ஜெபிக்கலாம். ஆனால் மேடையில் வைத்து இவருக்குத்தான் போட வேண்டும் என்று சொன்னால், கீழே இருக்கிற ஒருவர் வேறு சின்னத்துக்குப் போடும்போது கடவுளுக்கு விரோதமாகப் போட்டதாக ஆகிவிடுகிறதே. அடுத்தவருடைய மனச்சாட்சிக்குள் கை வைக்க எந்த ஊழியருக்கும் அதிகாரம் கிடையாது. பிரதேச சபைக்குப் போகிறவர் வடிகானைத் துப்புரவாக்குவாரா, தெருவிளக்குப் போடுவாரா, காசைச் சுருட்டாமல் இருப்பாரா என்றுதான் பார்க்க வேண்டும்.

திருகோணமலைக் கிறிஸ்தவர்களான நாங்கள் இதை மற்ற ஊர்க்காரரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் கோட்டை வாசலால்தானே போக வேண்டும். அந்த வாசலில் இரட்டைக் கயல் வெட்டிய கல் இருக்கிறது, குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று அதில் தமிழில் எழுதியிருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லை எடுத்தே கோட்டையைக் கட்டினார்கள். இடித்தவர்கள் சிலுவை போட்டவர்கள். எத்தனை தடவை நடந்தாலும் அந்த இடத்தில் எனக்கு நடை தளரும்.

பிறகு வந்த ஒல்லாந்தர் வேறு வழி பிடித்தார்கள். ஞானஸ்நானம் பெற்று அவர்களுடைய சபையில் பெயர் இருந்தால்தான் அரசாங்க உத்தியோகம், கலியாணத்தையும் பிள்ளைகளையும் சபைத் தோம்பில் (பதிவேட்டில்) பதிந்தால்தான் சொத்துரிமைக்குச் சிக்கல் இல்லை. கரையோரம் முழுக்கச் சனம் பேருக்குக் கிறிஸ்தவர்களானது. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள், அடுத்த வருடம் கொழும்பும் அவர்கள் கைக்குப் போனது, அந்தக் கட்டாயமும் தளர்ந்தது, கொஞ்ச வருடங்களுக்குள் அந்தச் சபைகள் வெறிச்சோடிப் போயின. விட்டுப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உத்தியோகத்தைக் காட்டி அழைத்த அரசாங்கமும் அதற்கு ஒத்து ஊதிய ஊழியர்களும்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். அவரைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. வாயைத் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கண்ணால் கண்ட தலைமுறை அது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பில் பேராலயத்துக்குள்ளேயே தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். ஜெபம் போதும் என்று அப்பா சொல்வதில் பாதி உங்களைப் பற்றிய பயமாக இருக்கும். ஆனாலும் வேதத்தை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் ராசா பறித்தபோது எலியா நேரே போய் முகத்துக்கு முன்னால் கேட்டான், அது காணிப் பிரச்சினைதானே? 'இராயனுடையதை இராயனுக்கு' என்ற வசனத்தைச் சிலர் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லும் வசனமாக எடுக்கிறார்கள். வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு வாங்கிப் பார்த்த காசில் இருந்தது இராயனின், அதாவது ரோமச் சக்கரவர்த்தியின், உருவம், அதை அவன் எடுத்துக்கொள்ளட்டும். மனிதனில் இருப்பது தேவனுடைய சாயல், ஆகவே ஒரு பிள்ளையை வீட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போய் இல்லாமல் ஆக்க எந்த இராயனுக்கும் உரிமை இல்லை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

எனக்கு நினைவுக்கு வருகிறவர் பாதர் யூஜின் ஹேபியர். லூசியானாவில் இருந்து வந்த இயேசு சபைத் துறவி, நம்முடைய சூசையப்பர் கல்லூரிப் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். பிறகு மட்டக்களப்பில் சமாதானக் குழுவில் இருந்தார். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞனோடு காணாமல் போனார். அவர் யாருக்கும் வாக்குக் கேட்டவர் இல்லை. தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா வாக்குக் கேட்டவர், அவரும் கிறிஸ்தவர்தான், அவரை நம்பிப் போட்டவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். நான் கிறிஸ்தவன், எனக்குப் போடுங்கள் என்று கேட்டிருந்தால் காங்கேசன்துறையில் கட்டுப்பணமும் மிஞ்சியிராது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான், யாருக்காகக் கதைக்கிறோம் என்பதை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் நம்மட ஆட்கள் செத்தபோது, மட்டக்களப்புச் சீயோன் சபையில் சின்னப் பிள்ளைகள் செத்தபோது, நீதி வேண்டும் என்று சபைகள் கேட்டன, கேட்க வேண்டியதுதான், அதனால்தான் 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லும் வரைக்கும் விஷயம் போனது. ஆனால் குண்டு வெடித்த அடுத்த மாதமே குருணாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து உடைத்தார்கள். அந்த ஞாயிறு நான் இருந்த சபையில் அவர்களுக்காக ஒரு ஜெபக்குறிப்புக்கூட வாசிக்கவில்லை. மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர் இது. நானும் எழும்பிக் கேட்கவில்லை, இன்னும் உறுத்துகிறது. 'நம்மட பிள்ளை' என்ற பேச்சு சபைக்குள் வருகிறபோது எனக்குப் பயம் வருவது அதனால்தான்.

சபையை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பாஸ்டரைத் தனியே பாருங்கள், தயக்கமாக இருந்தால் நம்பிக்கையான ஒரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றக் கட்சி வேட்பாளர் வந்தாலும் இதே மேடையில் கை வைத்து ஜெபிப்பீர்களா என்று கேளுங்கள். அப்புறம், 2017இல் இருந்து தெருவில் நிற்கிற, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்காக ஒரு ஞாயிறு ஜெபிக்க முடியுமா என்றும் கேளுங்கள், பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, எந்தச் சமயத்துப் பிள்ளை என்று பார்க்காமல். அவர் சரி என்றால், அந்த ஞாயிறு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா